கணிப்பொறி விசிறிக்கு ஒரு கடிவாளம்

கணிப்பொறி கணக்குப் போடுகிறது, கடிதம் எழுதுகிறது, படம் காட்டுகிறது, பாட்டும் பாடுகிறது. இவ்வளவு வேலைகளைச் செய்தாலும், அது வாங்கும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளிவருகிறது. 150 வாட் மின்சாரம் வாங்கும் ஒரு கணிப்பொறி, 150 வாட் மின்னடுப்பு எவ்வளவு சூட்டை அறைக்குள் விடுமோ அவ்வளவு சூட்டையும் விடுகிறது. இந்தச் சூட்டைப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே தள்ளும் பொறுப்பு ஒரு சிறிய விசிறியினுடையது.

விசிறி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் ஓயாமல் இரைகிறது. பகல் நேரத்தில் தெருச் சத்தத்தில் இது காதில் விழுவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல், வீடு அடங்கிய பிறகு, கணிப்பொறியில் படிக்க உட்காரும் மாணவருக்கும், மேசையருகே தூங்க முயலும் தம்பி தங்கைக்கும் இந்த இரைச்சல் பெருந்தொல்லை. விசிறியை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் கணிப்பொறியின் ஆயுள் போய்விடும். நிறுத்தாவிட்டால் நம் நிம்மதி போய்விடும். இரண்டையும் காப்பாற்ற வழி உண்டா? உண்டு. வெப்பநிலையைப் பார்த்து விசிறியின் வேகத்தை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றே அந்த வழி. அது எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது, அதை மூன்று நான்கு பாகங்களைக் கொண்டு எவ்வாறு அமைப்பது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சூடு வளர்ந்த கதை

கணிப்பொறிக்கும் சூட்டுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் மக்களுக்கு அறிமுகம் செய்யப்பட்ட எனியாக் என்ற கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கியது. குழாய்கள் சூடேறிக் கெட்டுப்போகாமல் இருக்கப் பெரிய ஊதுவிசிறிகள் கொண்டு அதற்குள் காற்றைச் செலுத்த வேண்டியிருந்தது.

டிரான்சிஸ்டரும் பின்னர் ஐ.சி. சில்லும் வந்த பிறகு சூடு வெகுவாகக் குறைந்தது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரின் மின்வழங்கி 63.5 வாட் மட்டுமே தரக்கூடியது. மின்வழங்கிப் பெட்டிக்குள் ஒரு விசிறி இருந்தது. கணக்கிடும் முக்கியச் சில்லுக்கு விசிறி எதுவும் தேவைப்படவில்லை. 1993இல் வந்த முதல் பென்டியம் சில்லு தனியொன்றாகவே 16 வாட் வரை வெப்பத்தை வெளியிட்டது. அதன் தலையில் அலுமினியத் துடுப்புகள் கொண்ட ஹீட் சிங்க்கும், அதற்கு மேல் ஒரு சிறு விசிறியும் ஏறின. 2004இல் வந்த பென்டியம் 4 வகைகளில் சில 100 வாட்டையும் தாண்டின. ஒரு விரல் நகத்தின் அளவே உள்ள சிலிக்கன் துண்டில் 100 வாட் குண்டு பல்பின் சூடு! இன்றைய சில்லுகள், வேலை இல்லாதபோது சில வாட்டுகளுக்கு இறங்கிவிடவும், வேலை வந்ததும் நூறு வாட்டுக்கு மேல் ஏறவும் வல்லவை. இந்த ஏற்ற இறக்கமே நமக்கு வாய்ப்பளிக்கிறது என்பதைப் பின்னர் காண்போம்.

எவ்வளவு காற்று வேண்டும்?

ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றை 1° செ. சூடாக்க ஏறத்தாழ 1005 ஜூல் ஆற்றல் வேண்டும். இவ்விரண்டு எண்களும் தெரிந்தால் தேவையான காற்றின் அளவைக் கணக்கிட்டுவிடலாம்.

கணிப்பொறி கடுமையாக வேலை செய்யும்போது 150 வாட், அதாவது ஒரு விநாடிக்கு 150 ஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது என்று கொள்வோம். வெளியேறும் காற்று உள்ளே நுழையும் காற்றைவிட 10° செ.க்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 150ஐ 1.2, 1005, 10 ஆகியவற்றின் பெருக்குத் தொகையால் வகுத்தால், விநாடிக்கு 0.0124 கனமீட்டர் என்று கிடைக்கிறது. அதாவது 12.4 லிட்டர், ஏறத்தாழ ஒரு குடம் காற்று.

இப்போது நீங்கள் கணிப்பொறியில் வெறுமனே ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். வெப்பம் 50 வாட்டுக்கு இறங்கிவிட்டது. விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறோம். காற்றும் பாதியாகி, விநாடிக்கு 6.2 லிட்டர் ஆகிறது. வெளியேறும் காற்றின் வெப்பநிலை எவ்வளவு உயரும்? அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 6.7° செ. என்று விடை வருகிறது. முன்பு அனுமதித்த 10° செ.ஐ விட இது குறைவு! விசிறி பாதி வேகத்தில் சுழன்றும் பெட்டி முன்னைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கிறது. எப்போதும் முழு வேகத்தில் சுழலும் விசிறி, பெரும்பாலான நேரம் வீணாகவே இரைந்துகொண்டிருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இரைச்சலின் கணக்கு

விசிறியின் ஓசை மூன்று இடங்களில் பிறக்கிறது. முதலாவது, இறக்கைகள் காற்றை வெட்டும்போது எழும் சுழிப்பு. இரண்டாவது, அச்சைத் தாங்கும் பேரிங்கின் உராய்வு. மூன்றாவது, விசிறியின் அதிர்வு தகரப் பெட்டிக்குத் தாவி, பெட்டியே மத்தளம்போல ஒலிப்பது. ஏழு இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால், இறக்கைகள் ஒரு புள்ளியை விநாடிக்கு 350 முறை கடக்கின்றன. கணிப்பொறியிலிருந்து வரும் 'ஊம்' என்ற ரீங்காரத்துக்கு இதுவே காரணம்.

விசிறியின் வேகத்துக்கும் அதன் பயனுக்கும் சில எளிய விதிகள் உள்ளன. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவு பாதியாகும். காற்றைத் தள்ளும் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகும். விசிறிக்குத் தேவையான திறன் எட்டில் ஒரு பங்காகும். இரைச்சலோ ஏறத்தாழ 15 டெசிபல் குறையும்.

டெசிபல் என்பது ஓசையை அளக்கும் அலகு. 10 டெசிபல் குறைந்தால் ஓசை பாதியாகிவிட்டதாக நம் காது உணர்கிறது. ஆகவே 15 டெசிபல் என்பது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதுபோல் தோன்றும். நாம் இழப்பது பாதிக் காற்று. பெறுவது மூன்றில் இரு பங்கு அமைதி. லாபகரமான பண்டமாற்றுதான்!

இதே காரணத்தால், சிறிய விசிறியை வேகமாகச் சுழற்றுவதைவிடப் பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவது மேல். ஒரே வடிவமுள்ள விசிறிகளில் காற்றின் அளவு குறுக்களவின் கனத்திற்கு ஏற்ப உயர்கிறது. 8 செ.மீ. விசிறி தரும் காற்றை 12 செ.மீ. விசிறி, அதன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான வேகத்திலேயே தந்துவிடும்.

நிரந்தரமாகக் குறைத்துவிட்டால் என்ன?

'இவ்வளவுதானே! விசிறியோடு ஒரு தடையைச் சேர்த்து வேகத்தைக் குறைத்துவிட்டால் போகிறது' என்று சிலர் நினைக்கலாம். அப்படிச் செய்பவர்களும் உண்டு. மின்வழங்கியின் 12 வோல்ட் கம்பிக்கும் 5 வோல்ட் கம்பிக்கும் இடையே விசிறியை இணைத்து, 7 வோல்ட்டில் ஓட்டுவது ஒரு பழைய தந்திரம். விசிறி அமைதியாகச் சுழலும். ஆனால் அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

மார்கழியில் அறையின் வெப்பநிலை 24° செ. என்றால், அக்கினி நட்சத்திரத்தில் அதே அறை 38° செ.ஐத் தொடும். 14° செ. வேறுபாடு. மார்கழி இரவில் போதுமானதாக இருந்த அதே வேகம், சித்திரை மாதப் பிற்பகலில் போதாது. வேலையும் அப்படியே. கடிதம் எழுதும்போது போதிய காற்று, படம் தொகுக்கும்போது போதாது. நிலையான வேகத்துக்கு இந்த வேறுபாடுகள் தெரியாது.

சூட்டை மதிக்காமல் அமைதியை மட்டும் விரும்பினால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உள்ளது. 1980இல் வெளிவந்த ஆப்பிள் 3 என்ற கணிப்பொறியில் விசிறி கிடையாது. இரைச்சலில்லாத எந்திரமாக அது இருக்க வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் வற்புறுத்தினார். கனத்த அலுமினிய அடித்தளமே வெப்பத்தைக் கடத்திவிடும் என்று எதிர்பார்த்தனர். எதிர்பார்ப்பு பொய்த்தது. உள்ளே சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சில்லுகள் தங்கள் பொருத்துக்குழிகளிலிருந்து மெல்ல மெல்ல மேலெழும்பித் தொடர்பு விட்டுப்போயின. எந்திரத்தைச் சில அங்குல உயரம் தூக்கி மேசைமீது 'தொப்'பென்று விட்டால் சில்லுகள் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்பதே அப்போது வாங்கியவர்களுக்குக் கிடைத்த வைத்தியம்! ஆப்பிள் 3 சந்தையில் தோற்றதற்கு இந்தப் பழுதுகளும் ஒரு முக்கியக் காரணமாயின.

இன்றைய சில்லுகள் ஏறத்தாழ 100° செ.ஐ நெருங்கினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தம்மைக் காத்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள பாகங்களுக்கு அந்த வசதி இல்லை. குறிப்பாக, மின்பகு திரவம் கொண்ட மின்தேக்கிகளைக் கூறலாம். வெப்பநிலை 10° செ. உயரும்தோறும் இவற்றின் ஆயுள் பாதியாகிவிடும் என்பது பொறியியலாளர் பின்பற்றும் பொது விதி. பெட்டிக்குள் 20° செ. கூடினால் எட்டு ஆண்டு உழைக்க வேண்டிய பாகம் இரண்டே ஆண்டுகளில் ஓய்ந்துவிடலாம். ஆகவே வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும்; ஆனால் சூடு தலைதூக்கும் கணத்திலேயே அதைத் திரும்ப உயர்த்தவும் வேண்டும். இதற்குச் சூட்டை உணரும் ஓர் உறுப்பு தேவை.

சூட்டை உணரும் தடை

செம்பு, இரும்பு போன்ற உலோகங்களைச் சூடாக்கினால் அவற்றின் மின்தடை உயரும். அணுக்கள் அதிகமாக அதிர்ந்து எலக்ட்ரான்களின் பாதையை மறிப்பதே காரணம். சில பொருள்கள் இதற்கு நேர்மாறானவை. சூடேறினால் அவற்றின் தடை குறைகிறது. வெள்ளி சல்ஃபைடில் இந்த விந்தையை மைக்கேல் பாரடே 1833ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். குறைகடத்திகளில், வெப்பம் ஏற ஏற, கட்டுண்டிருந்த எலக்ட்ரான்கள் மேலும் மேலும் விடுபட்டு மின்னோட்டத்தில் கலந்துகொள்கின்றன. அதனால் தடை குறைகிறது.

மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்து, சுட்டு, மிளகு அளவிலான மணிகளாக இத்தகைய தடைகளைச் செய்கிறார்கள். தெர்மிஸ்டர் என்பது இதன் பெயர். கடைகளில் 'பத்து கே என்.டி.சி.' என்று கேட்டால் கொடுப்பார்கள். 25° செ.இல் 10 கிலோ ஓம் தடை உடையது என்பது இதன் பொருள். பி மதிப்பு 3950 கொண்ட வகையின் தடை வெப்பநிலையோடு எவ்வாறு மாறுகிறது என்பதைக் கீழே காணலாம்.

25° செ. — 10 கிலோ ஓம்
30° செ. — 8.0 கிலோ ஓம்
40° செ. — 5.3 கிலோ ஓம்
50° செ. — 3.6 கிலோ ஓம்
60° செ. — 2.5 கிலோ ஓம்

35° செ. உயர்வில் தடை நான்கில் ஒரு பங்காகிவிடுவதைக் கவனியுங்கள். இந்த மாற்றத்தை மின்னழுத்த மாற்றமாக ஆக்கிவிட்டால் நம் வேலை முடிந்தது.

சுற்றின் அமைப்பு

இதற்கு எல்.எம். 317 என்ற ஐ.சி. பெரிதும் உதவும். மலிவானது, எங்கும் கிடைப்பது. இதற்கு மூன்று கால்கள். எழுத்து அச்சிட்ட பக்கம் நம்மை நோக்கி இருக்குமாறு பிடித்தால், இடப்புறக் கால் சீரமைப்பு, நடுக்கால் வெளியீடு, வலப்புறக் கால் உள்ளீடு. இதன் குணம் ஒன்றே ஒன்றுதான்: வெளியீட்டுக் காலுக்கும் சீரமைப்புக் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ட் இருக்குமாறு பார்த்துக்கொள்ளும்.

இணைக்கும் முறை இது. மின்வழங்கியின் 12 வோல்ட்டை உள்ளீட்டுக் காலில் இணைக்கவும். உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையே 0.1 மைக்ரோ பாரட் மின்தேக்கி ஒன்றை வைக்கவும். வெளியீட்டுக் காலை விசிறியின் சிவப்புக் கம்பியோடு சேர்க்கவும். வெளியீட்டுக்கும் சீரமைப்புக்கும் இடையே தெர்மிஸ்டரையும், அதற்கு இணையாக 4.7 கிலோ ஓம் தடை ஒன்றையும் இணைக்கவும். சீரமைப்புக் காலிலிருந்து தரைக்கு 12 கிலோ ஓம் தடை ஒன்றை இணைக்கவும். விசிறியின் கறுப்புக் கம்பி தரைக்குச் செல்லும். அவ்வளவுதான்.

சுற்று வேலை செய்வதை 40° செ.க்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். தெர்மிஸ்டர் 5.3 கிலோ ஓம். அதற்கு இணையாக 4.7 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்து 2.49 கிலோ ஓம். இதன் குறுக்கே 1.25 வோல்ட் இருப்பதால் 0.50 மில்லி ஆம்பியர் பாயும். ஐ.சி.யின் சீரமைப்புக் காலிலிருந்தும் சுமார் 0.05 மில்லி ஆம்பியர் வந்து சேரும். இந்த 0.55 மில்லி ஆம்பியரும் 12 கிலோ ஓம் தடை வழியே தரைக்கு இறங்கும்போது அதன் குறுக்கே 6.6 வோல்ட் தோன்றும். அதோடு 1.25ஐக் கூட்டினால் ஏறத்தாழ 7.9 வோல்ட். இதுவே விசிறிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம். இவ்வாறே மற்ற வெப்பநிலைகளுக்கும் கணக்கிடலாம்.

25° செ. — 6.5 வோல்ட்
30° செ. — 6.9 வோல்ட்
40° செ. — 7.9 வோல்ட்
50° செ. — 9.2 வோல்ட்
60° செ. — 10 வோல்ட்டுக்கு மேல்

சூடு ஏற ஏற மின்னழுத்தம் ஏறுகிறது, விசிறியும் விரைகிறது. யாரும் தொட வேண்டியதில்லை. விசிறியின் வேகம் மின்னழுத்தத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே 30° செ.இல் வேகம் முழு அளவில் 58 சதவீதம். இரைச்சல் ஏறத்தாழ 12 டெசிபல் குறைவு. காதுக்கு அது பாதிக்கும் குறைவாகவே கேட்கும்.

ஐ.சி. தன் பங்குக்கு ஒன்றரை முதல் இரண்டு வோல்ட் வரை எடுத்துக்கொள்ளும். எனவே எவ்வளவு சூடானாலும் விசிறிக்கு 10 வோல்ட்டுக்குச் சற்று மேல் கிடைக்காது. முழு வேகம் கட்டாயம் தேவைப்படும் பெட்டிகளுக்கு இந்தச் சுற்று ஏற்றதன்று.

4.7 கிலோ ஓம் எதற்கு?

தெர்மிஸ்டர் மட்டும் போதாதா, அதற்கு இணையாக இன்னொரு தடை எதற்கு என்று கூர்ந்து படிக்கும் வாசகர் கேட்கலாம். நல்ல கேள்வி. தெர்மிஸ்டர், நீண்ட மெல்லிய கம்பியின் முனையில் தொங்கும் பொருள். என்றாவது ஒருநாள் அந்தக் கம்பி அறுந்துவிட்டால்? இணைத்தடை இல்லாத சுற்றில் மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்கும் கீழே சரியும். விசிறி நின்றுவிடும். இரைச்சல் இல்லை என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே உள்ளே பாகங்கள் வெந்துகொண்டிருக்கும். இணைத்தடை இருந்தால், கம்பி அறுந்தாலும் 5 வோல்ட் கிடைக்கும்; விசிறி மெதுவாகவேனும் சுழலும். தெர்மிஸ்டரின் இரு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ விசிறி அதிகபட்ச வேகத்துக்குப் போய்விடும், அதனால் தீங்கில்லை. காவல் காக்கும் கருவி கெட்டுப்போனால், கெட்டபின்பும் அது நன்மையின் பக்கமே சாய வேண்டும். ரயில்வே கைகாட்டி முதல் அணுஉலை வரை பொறியியலாளர் போற்றும் விதி இது. பத்துக் காசுக்கும் பெறாத ஒரு தடை இந்த விதியை நமக்கு நிறைவேற்றித் தருகிறது.

பொருத்துவதும் சோதிப்பதும்

கணிப்பொறிக்குள் பொருத்துமுன் மேசைமீதே சோதியுங்கள். 12 வோல்ட் மின்வழங்கி ஒன்றும், நீங்கள் பயன்படுத்தப் போகும் விசிறியும் வேண்டும். தெர்மிஸ்டரை விரல்களுக்கிடையே பிடியுங்கள்; வேகம் சற்றே கூடும். சூடான காப்பி ஊற்றிய எவர்சில்வர் தம்ளரின் வெளிப்புறத்தில் அதை அழுத்திப் பிடியுங்கள்; அரை நிமிடத்துக்குள் விசிறி இரையத் தொடங்க வேண்டும்.

அடுத்தது மிக முக்கியமான சோதனை. தெர்மிஸ்டரின் ஒரு காலைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுங்கள். 5 வோல்ட்டில் விசிறி தானாகக் கிளம்ப வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும் விசிறி குறைந்த மின்னழுத்தத்திலும் ஓடும். நின்ற நிலையிலிருந்து கிளம்பவோ கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். உங்கள் விசிறி கிளம்ப மறுத்தால் 4.7 கிலோ ஓமுக்குப் பதில் 3.9 கிலோ ஓம் வையுங்கள். அப்போது கம்பி அறுந்த நிலையில் 5.7 வோல்ட் கிடைக்கும்.

கம்பி நிறங்களில் கவனம் தேவை. மூன்று கம்பி விசிறிகளில் பெரும்பாலும் கறுப்பு தரை, சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகத்தைத் தெரிவிக்கும் கம்பி. கணிப்பொறி மின்வழங்கியிலோ மஞ்சள்தான் 12 வோல்ட். சிவப்பு 5 வோல்ட். நிறத்தை மட்டும் நம்பி மஞ்சளோடு மஞ்சளை இணைத்தால் விசிறி பாழாகிவிடலாம். மீட்டரால் அளந்து பார்த்த பிறகே சால்டர் செய்யுங்கள்.

எல்.எம். 317 சிறிதளவு சூடாகும். 0.15 ஆம்பியர் இழுக்கும் விசிறி 7 வோல்ட்டில் ஓடும்போது, எஞ்சிய 5 வோல்ட்டும் ஐ.சி.யில் வெப்பமாகி 0.75 வாட் ஆகிறது. சிறு அலுமினியத் துண்டு ஒன்றை அதன் முதுகில் திருகிவிட்டால் போதும். ஆனால் அந்த உலோக முதுகு வெளியீட்டுக் காலோடு உள்ளுக்குள் இணைந்தது. பெட்டியின் தகரத்தில் அது படக் கூடாது. இடையே மைக்கா தகடு வைக்கத் தவறாதீர்கள்.

தெர்மிஸ்டரை எங்கே வைப்பது? பெட்டியின் பின்புற விசிறிக்கு இந்தச் சுற்றைப் பயன்படுத்தினால், வெளியேறும் காற்று உரசிச் செல்லும் இடத்தில் வையுங்கள். அறையின் சூடு, வேலையின் சூடு இரண்டும் கலந்துவரும் இடம் அதுவே. மார்கழியும் சித்திரையும் அந்த மணிக்குத் தாமாகவே தெரிந்துவிடும்.

நான்கு கம்பி விசிறிகள்

முக்கியச் சில்லின் மேலுள்ள விசிறிக்கு நாம் தனிச் சுற்று அமைக்க வேண்டியதில்லை. இப்போது வரும் தாய்ப்பலகைகள் அந்த வேலையைத் தாமே செய்கின்றன. சிலிக்கன் டயோடு ஒன்றின் குறுக்கே உள்ள மின்னழுத்தம், வெப்பநிலை 1° செ. உயரும்தோறும் ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் குறையும். அத்தகைய உணர்வுறுப்புகளைச் சில்லுக்குள்ளேயே அமைத்துவிடுகிறார்கள். சில்லே தனக்கு வெப்பமானியாகிவிடுகிறது!

நான்காவது கம்பி வழியே தாய்ப்பலகை விசிறிக்குத் துடிப்புகளை அனுப்புகிறது. மின்னழுத்தம் 12 வோல்ட்டாகவே இருக்கும். துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைப் பொறுத்து விசிறி மோட்டார் திறக்கப்பட்டும் மூடப்பட்டும் வேகம் மாறும். துடிப்புகளின் எண்ணிக்கை விநாடிக்கு ஏறத்தாழ 25,000. மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்காது. இரைச்சலைக் குறைக்க வந்த கருவியே 'கீச்'சென்று கத்தாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இத்தகைய கணிப்பொறிகளில், இயக்கத்தின் தொடக்கத்தில் வரும் அமைப்புத் திரையிலேயே எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு வேகம் என்று நாம் குறித்துக்கொடுக்கலாம். அதில் ஒரு நுட்பம் உண்டு. சீரான ஓசையைக் காது சிறிது நேரத்தில் மறந்துவிடும். ஏறி இறங்கும் ஓசையை மறக்காது. சில்லின் வெப்பநிலை நொடிக்கு நொடி துள்ளுவது. விசிறியும் அதோடு துள்ளினால் தொல்லை முன்னைவிட அதிகமாகும். எனவே வேகம் மெதுவாக மாறுமாறும், சூடு சில டிகிரி இறங்கிய பிறகே வேகம் குறையுமாறும் அமைப்பது நல்லது. நம் தெர்மிஸ்டர் சுற்றில் காற்றும் தகரமும் சூடேற எடுத்துக்கொள்ளும் நேரமே இந்தப் பொறுமையைத் தந்துவிடுகிறது.

செய்யக் கூடாதவை

மின்வழங்கிப் பெட்டியைத் திறந்து அதன் விசிறியில் கைவைக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் நேர்மின்னோட்டமாக்கப்பட்டு 320 வோல்ட்டுக்கு மேல் மின்தேக்கிகளில் சேமிக்கப்படுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் உள்ளே காத்திருக்கும், உயிருக்கே ஆபத்து.

எந்தச் சுற்றையும் அமைக்குமுன் பெட்டியைத் திறந்து தூசியைப் பாருங்கள். ஹீட் சிங்க் துடுப்புகளுக்கிடையே பஞ்சுபோல் தூசி அடைத்திருந்தால் காற்று புகாது, சூடு ஏறும், தாய்ப்பலகை விசிறியை விரட்டும். பல வீடுகளில் இரைச்சலுக்கு உண்மைக் காரணம் இதுவே. மெல்லிய தூரிகையால் துடைத்து, விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காற்றை ஊதிச் சுத்தம் செய்தால், சால்டரிங் இரும்பைத் தொடாமலே பாதி வெற்றி கிடைத்துவிடும். பேரிங் தேய்ந்து 'கரகர'வென்று ஒலிக்கும் விசிறிக்கு எந்தச் சுற்றும் மருந்தாகாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

சுற்றைப் பொருத்திய பின் முதல் சில நாட்கள் கணிப்பொறியின் வெப்பநிலையைக் கவனித்து வாருங்கள். அரைமணி நேரம் கடும் வேலை கொடுத்து, வெப்பநிலை ஒரு அளவில் ஏறி நிலைபெறுகிறதா, நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். நிலைபெற்றால் நன்று. ஏறிக்கொண்டே போனால் 12 கிலோ ஓமுக்குப் பதில் 15 கிலோ ஓம் வைத்து, எல்லா வெப்பநிலைகளிலும் வேகத்தைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையைக் கோடையின் உச்சத்தில் ஒருமுறை திரும்பச் செய்துவிட்டால், பிறகு ஆண்டு முழுவதும் கவலையின்றி இரவுப் படிப்பைத் தொடரலாம்.